கிரீட் தீவில் எந்தப் பக்கம் தங்கலாம்? – வாசகர் கேள்வி பதில்

கிரேக்கத்தின் மிகப்பெரிய தீவு கிரீட். அதைப் பற்றி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: எந்த ஊரில் ரூம் போடுவது? அதையே முதல் கேள்வியாக வைத்திருக்கிறோம். தங்கும் பகுதியைச் சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் மற்ற பல கேள்விகளுக்கு வேலையே இல்லாமல் போய்விடும்.

ஆறு நாள் போகிறோம். நடுவில் இருக்கும் ஹெராக்லியனில் ஒரே ஓட்டல் எடுத்துவிட்டு, தினமும் ஒரு திசையாகச் சுற்றி வந்தால் தீவு முழுவதையும் பார்த்துவிடலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

முடியாது. வரைபடத்தில் ஒல்லியாகத் தெரிவதால் எல்லோரும் ஏமாறும் இடம் இது. கிழக்கு மேற்காகத் தீவின் நீளம் சுமார் 260 கிலோமீட்டர். அகலம் இடத்துக்கு இடம் மாறும். அதிகபட்சம் 60, இயரபெத்ரா அருகே வெறும் 12. முதுகெலும்பு போல மலைத்தொடர் ஓடுகிறது. மிக உயரமான ப்சிலோரிதிஸ் சிகரம் 2,456 மீட்டர். வடகரையில் மட்டும்தான் வேகமான நெடுஞ்சாலை. தென்கரைக்குப் போக மலை ஏறி இறங்க வேண்டும்; அங்கே 40 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆவது சாதாரணம்.

ஹெராக்லியனிலிருந்து ஹனியா சுமார் 140 கிலோமீட்டர், இரண்டேகால் மணி நேரம். அங்கிருந்து புகழ்பெற்ற எலாஃபோனிசி கடற்கரை இன்னும் 75 கிலோமீட்டர், மலைச்சாலையில். ஆக ஹெராக்லியனிலிருந்து எலாஃபோனிசி போய்த் திரும்ப ஏழு மணி நேரத்துக்கு மேல் காரிலேயே கழியும்.

தீவு நான்கு மாவட்டங்கள். மேற்கில் ஹனியா: மிக அழகான கடற்கரைகளும் ஆழமான பள்ளத்தாக்குகளும் இங்கேதான். அடுத்து ரெதிம்னோ: பழைய நகரமும் நீண்ட மணல் கரையும் கைகோத்து இருக்கும் ஊர், பின்னால் மலைக்கிராமங்கள். நடுவில் ஹெராக்லியன்: தலைநகரம், அரண்மனை இடிபாடுகள், திராட்சைத் தோட்டங்கள். கிழக்கில் லசிதி: நெரிசல் குறைவு, வறண்ட நிலம், அமைதியான விரிகுடாக்கள்.

ஆறு நாளுக்கு இரண்டு இடம் போதும். கடற்கரைக்காகப் போகிறவர்கள் ஹனியாவில் நான்கு இரவு, ரெதிம்னோவில் இரண்டு இரவு வைத்துக்கொள்ளுங்கள். வரலாறும் அமைதியும் வேண்டுமென்றால் லசிதியில் உள்ள அயியோஸ் நிக்கோலாஸில் நான்கு, ஹெராக்லியனில் இரண்டு. ஹனியா, ஹெராக்லியன் இரண்டிலும் விமான நிலையம் உண்டு. ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏறினால் ஒரு நாள் மிச்சம். வாடகை காரை வேறு ஊரில் ஒப்படைக்கத் தனிக் கட்டணம் உண்டா என்பதை முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

எட்டு வயதிலும் நாலு வயதிலும் குழந்தைகள். அலை இல்லாத கடற்கரை எது?
– வாசகி, லண்டன்

கடற்கரையின் பெயரைவிட அன்றைய காற்றுதான் முக்கியம். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஏஜியன் கடலில் மெல்டெமி என்ற வாடைக்காற்று நாள் கணக்கில் தொடர்ந்து வீசும். வானம் நீலமாக இருக்கும், மேகமே இருக்காது. ஆனால் வடகரையில் அலை எழும். ஜியோர்ஜியூபோலி, ரெதிம்னோ போன்ற நீண்ட திறந்த மணல் கரைகளில் அந்த நாட்களில் இழுப்பு நீரோட்டம் உருவாகும். கரையில் மோதிய நீர் ஒரு குறுகலான ஓடை வழியாகக் கடலுக்குத் திரும்புவதுதான் காரணம். அந்த ஓடை இருக்குமிடத்தில் அலை உடையாமல் அமைதியாகத் தெரியும். பார்ப்பவருக்கு அதுதான் பத்திரமான இடம் என்று தோன்றும். சிக்கினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்து, பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். சிவப்புக் கொடி பறந்தால் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குழந்தைகளை அந்த நாளில் தண்ணீரில் விடவே வேண்டாம்.

உங்களுக்கு ஏற்றவை மூடிய விரிகுடாக்கள். ஹனியா பக்கத்தில் நகருக்கு மிக அருகே அயி அப்போஸ்தோலி, கிழக்கே அல்மிரிதா, மராத்தி. ஹெராக்லியன் பக்கம் அயியா பெலாயியா. தென்கிழக்கில் மக்ரியியாலோஸ்: வெகுதூரம் வரை முழங்கால் ஆழம், மென்மையான மணல்.

அயியோஸ் நிக்கோலாஸ் பகுதியில் தங்குவதில் ஒரு வசதி. தீவு ஒடுங்கும் இடம் பக்கத்திலேயே இருப்பதால், வடக்கே காற்று அடித்தால் சுமார் 36 கிலோமீட்டர் தள்ளி தென்கரைக்கே போய்விடலாம். மேற்கே பலேயோஹோரா ஊர் இன்னும் சுவாரசியம். ஊரே ஒரு தீபகற்பம். ஒரு பக்கம் மணல், மறுபக்கம் கூழாங்கல். ஒரு பக்கம் காற்று என்றால் மக்கள் துண்டை எடுத்துக்கொண்டு மறுபக்கம் நடந்துவிடுவார்கள்.

பாறைகளில் கடல் முள்ளெலிகள் ஒட்டியிருக்கும். மிதித்தால் முள் உடைந்து காலுக்குள் நின்றுவிடும். ரப்பர் நீச்சல் ஷூ இல்லாமல் குழந்தைகளைப் பாறைப்பக்கம் அனுப்ப வேண்டாம்.

பாலோஸ், எலாஃபோனிசி கடற்கரைகளில் ஒன்றுக்குத்தான் நேரம். எதற்குப் போகலாம்?
– வாசகர், சென்னை

குழந்தைகளோ பெரியவர்களோ உடன் வந்தால் எலாஃபோனிசி. நடக்கத் தெம்புள்ள இளைஞர்கள் என்றால் பாலோஸ்.

எலாஃபோனிசியில் கார் நிறுத்துமிடத்திலிருந்து சில நிமிட நடையில் தண்ணீர். ஆழமில்லாத நீரைக் கடந்து எதிரே உள்ள குட்டித்தீவுக்கு நடந்தே போகலாம். மணலில் தெரியும் இளஞ்சிவப்புக்குக் காரணம் பொடிந்த சிப்பிகளும் நுண்ணுயிர் ஓடுகளும். நிறம் எல்லா இடத்திலும் இருக்காது; அலை தொட்டுப் பின்வாங்கும் ஈர விளிம்பில் கோடாகப் படிந்திருக்கும். அதைப் பாட்டிலில் அள்ளி வருவது குற்றம். செய்யாதீர்கள். போகும் வழியில் தோபோலியா பள்ளத்தாக்கில் ஒரு குறுகிய சுரங்கப்பாதை வரும். ஒரு நேரத்தில் ஒரு திசை வண்டிகள்தான் போக முடியும், சிக்னல் பார்த்துப் போக வேண்டும். கோடையில் அங்கே சுற்றுலா பஸ்கள் வரிசை கட்டும். காலை ஒன்பதரைக்குள் கடற்கரையை அடைந்துவிடுங்கள், அல்லது மாலை நான்குக்கு மேல் போய் வெயில் சாயும்வரை இருங்கள்.

பாலோஸுக்கு இரண்டு வழி. கிசாமோஸ் துறைமுகத்திலிருந்து படகு. சுமார் ஒரு மணி நேரம். வழியில் கிராம்வூசா தீவில் நிறுத்துவார்கள், வெனிஸ்காரர் கட்டிய கோட்டைக்கு ஏறிப் பார்க்கலாம். இரண்டாவது, கலிவியானி கிராமம் தாண்டி எட்டு கிலோமீட்டர் கரடுமுரடான மண்பாதை. வாடகை கார் காப்பீடு பெரும்பாலும் இந்தப் பாதைக்குச் செல்லாது. டயரும் வண்டியின் அடிப்பகுதியும் அடிபட்டால் செலவு உங்கள் தலையில். வண்டியை மேலே நிறுத்தி, கீழே இறங்க 20 முதல் 30 நிமிடம். இறங்குவது சுலபம். மதியம் மூன்று மணி வெயிலில் நிழலே இல்லாத அந்தப் படிகளில் திரும்பி ஏறுவதுதான் பாடு. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் அவசியம். வாடைக்காற்று பலமாக இருந்தால் படகை ரத்து செய்துவிடுவார்கள், எனவே பாலோஸைப் பயணத்தின் கடைசி நாளுக்கு ஒத்திப்போடாதீர்கள்.

எங்கள் இருவருக்கும் கார் ஓட்டத் தெரியாது. பஸ்ஸிலேயே சமாளிக்க முடியுமா?
– வாசகி, திருச்சி

முடியும். ஆனால் தங்கும் ஊர் ஹனியா, ரெதிம்னோ, ஹெராக்லியன் மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும். கே.டி.இ.எல் என்ற பொதுப் போக்குவரத்து பஸ்கள் வடகரை நெடுஞ்சாலையில் அடிக்கடி ஓடுகின்றன, சுத்தமான ஏ.சி. பஸ், பெட்டியை அடியில் வைக்கலாம். கிளைவழிகளில்தான் சிக்கல். எலாஃபோனிசிக்கும் தென்கரை ஊர்களுக்கும் கோடையில் காலை ஒரு பஸ், மாலை திரும்ப ஒன்று என்ற கணக்கு. மாலை பஸ்ஸை விட்டால் டாக்ஸிக்கு நூறு யூரோவுக்கு மேல் ஆகும். முதல் நாளே நிலையத்தில் திரும்பும் பஸ் நேரத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஞாயிறு அட்டவணை வேறு.

தென்கரையில் பஸ்ஸைவிடப் படகு நல்லது. பலேயோஹோரா, சூயியா, ஆயியா ரூமெலி, லூட்ரோ, ஹோரா ஸ்ஃபாகியோன் ஊர்களைக் கோடைக்காலப் படகுகள் இணைக்கின்றன. இவற்றில் ஆயியா ரூமெலிக்கும் லூட்ரோவுக்கும் சாலையே கிடையாது. லூட்ரோவில் ஒரு பிறை வடிவ விரிகுடா, வெள்ளைச் சுவரும் நீலக் கதவுமாக வீடுகள், வண்டிச் சத்தம் அறவே இல்லை. இரண்டு இரவு தங்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

இந்திய லைசென்ஸ் செல்லுமா? சாலைகள் எப்படி?
– வாசகர், மதுரை

இந்திய லைசென்ஸுடன் சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் பத்திரமும் வேண்டும். புறப்படுவதற்கு முன் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகம் வழியாக வாங்கியாக வேண்டும், அங்கே போய் வாங்க முடியாது. வண்டி வலப்பக்கம். பெரும்பாலும் கியர் வண்டிதான் தருவார்கள். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் சில மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யுங்கள்.

வடகரைச் சாலையில் ஓர் உள்ளூர்ப் பழக்கம் உண்டு. மெதுவாகப் போகிறவர் வலது ஓரக் கோட்டைத் தாண்டிப் பாதி வண்டியை ஒதுக்கி ஓட்டி, பின்னால் வருபவருக்கு வழிவிடுவார். நீங்களும் எதிரில் வளைவோ நின்றிருக்கும் வண்டியோ இல்லையென்று பார்த்து ஒதுங்குங்கள். ஓரம் திடீரென்று முடிந்துவிடும் இடங்களும் உண்டு. இரவில் பழக்கமில்லாதவர்கள் இந்தச் சாலையைத் தவிர்ப்பது நல்லது.

மலைப்பாதையில் வளைவு திரும்பியதும் நடுச்சாலையில் ஆடுகள் நிற்கும். கூகுள் மேப் காட்டும் ‘குறுக்குவழி’ பல நேரம் ஆலிவ் தோப்புக்குள் போகும் டிராக்டர் பாதை. பத்து நிமிடம் மிச்சம் என்று காட்டினாலும் பெரிய சாலையை விடாதீர்கள். மலைக்கிராமங்களில் ஞாயிற்றுக்கிழமை பெட்ரோல் பங்க் மூடியிருக்கலாம், சனிக்கிழமையே டேங்க்கை நிரப்பிவிடுங்கள்.

சமாரியா பள்ளத்தாக்கை நடந்து கடக்க எவ்வளவு உடல்தகுதி வேண்டும்? வயது 52, தினமும் நடக்கும் பழக்கம் உண்டு.
– வாசகர், டொரோண்டோ

மூச்சு தாங்கும். கேள்வி முழங்காலைப் பற்றியது.

நடை தொடங்கும் சைலோஸ்கலோ, ஓமலோஸ் சமவெளியின் விளிம்பில் சுமார் 1,230 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முடிவது கடல்மட்டத்தில். மொத்தம் 16 கிலோமீட்டர். அதில் 13 தேசியப் பூங்காவுக்குள், மீதி மூன்று ஆயியா ரூமெலி ஊருக்குப் போகும் வெயில் பாதை. முதல் மூன்று கிலோமீட்டரிலேயே உயரத்தின் பெரும்பகுதியை இறங்கிவிடுகிறோம். கல் படிகள், மரக் கைப்பிடி. அங்கே அவசரப்பட்டு இறங்குகிறவர்களுக்குத்தான் மதியத்துக்கு மேல் முழங்கால் நடுங்க ஆரம்பிக்கும். கைத்தடி இரண்டு இருந்தால் பெரிய உதவி. ஷூ கணுக்காலைப் பிடிப்பதாகவும் பழகியதாகவும் இருக்க வேண்டும். புது ஷூ போட்டுப் போகவே கூடாது. விரல் நகம் ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள், நெடும் இறக்கத்தில் விரல் முன்னால் மோதிக்கொண்டே இருக்கும்.

ஊற்று நீர் வழியில் பல இடங்களில் உண்டு. ஒரு லிட்டர் பாட்டில் போதும், நிரப்பிக்கொண்டே போகலாம். பாதி வழியில் கைவிடப்பட்ட சமாரியா கிராமம்; 1962-இல் தேசியப் பூங்கா ஆனபோது மக்கள் வெளியேறினார்கள். உட்கார்ந்து சாப்பிட நல்ல இடம். கொம்பு வளைந்த கிரி-கிரி என்ற காட்டாடுகள் அருகே வரும், உணவு கொடுக்காதீர்கள். அதற்குப் பிறகு ஆற்றுப் படுகையில் உருண்டைக் கற்களின் மேல் நடை. ‘இரும்புக் கதவு’ எனப்படும் இடத்தில் இரு சுவர்களும் மூன்று நான்கு மீட்டர் இடைவெளிக்கு நெருங்கும், உயரம் சுமார் 300 மீட்டர். கல் சரியும் பகுதி என்று பலகை வைத்த இடத்தில் படமெடுக்க நிற்காமல் நடந்துவிடுங்கள்.

மொத்தம் ஐந்து முதல் ஏழு மணி நேரம். ஹனியாவிலிருந்து அதிகாலை பஸ்ஸைப் பிடியுங்கள். நுழைவுச் சீட்டைத் தொலைக்காதீர்கள்: உள்ளே யாரும் சிக்கியிருக்கவில்லை என்று உறுதிசெய்ய, வெளிவாசலில் அதைக் கேட்பார்கள். கீழே இறங்கியதும் கடலில் குளித்துவிட்டு, மாலைப் படகில் சூயியா அல்லது ஹோரா ஸ்ஃபாகியோன் போய், அங்கே காத்திருக்கும் பஸ்ஸில் ஹனியா திரும்பலாம். படகு டிக்கெட்டை இறங்கியவுடனேயே வாங்கிவிடுங்கள்.

மே முதல் அக்டோபர் வரைதான் திறப்பு. மழை எச்சரிக்கை வந்தாலும் கடும் வெயில் வந்தாலும் மூடிவிடுவார்கள். முழு நடைக்குத் தயக்கமிருந்தால் படகில் ஆயியா ரூமெலி போய், கீழிருந்து ‘கதவு’ வரை ஏறித் திரும்புங்கள். பள்ளத்தாக்கின் அழகான துண்டு அதுதான்.

அப்பா அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. படி ஏற முடியாது. எதைப் பார்க்கலாம், எதைத் தவிர்க்கலாம்?
– வாசகி, சிங்கப்பூர்

ரெதிம்னோவில் தங்குங்கள். பழைய நகரம் பெரும்பாலும் சமதளம், கடற்கரை நகரை ஒட்டியே தொடங்குகிறது, மாலையில் துறைமுகத்தோரம் நடக்கலாம். ஃபோர்தெட்சா கோட்டை மட்டும் மேட்டில். ஜியோர்ஜியூபோலிக்கு அருகே கூர்னாஸ் ஏரிக்குக் காரில் போய்க் கரையில் உட்கார்ந்து மதிய உணவு சாப்பிடலாம். கிரீட்டின் ஒரே இயற்கையான நன்னீர் ஏரி அது. ஸ்பிலி கிராமத்தில் சிங்க வாய்களிலிருந்து மலைநீர் கொட்டும் நீண்ட கல் தொட்டி, பக்கத்திலேயே பிளேன் மர நிழல், காபிக்கடை.

பிரெவெலி கடற்கரை வேண்டாம். மேலே நிறுத்துமிடத்திலிருந்து நூற்றுக்கணக்கான படிகள். லசிதி சமவெளிக்குக் காரில் போகலாம், ஆனால் ப்சிக்ரோ குகைக்கு மேலே ஏறி, பிறகு உள்ளே ஈரப் படிகளில் இறங்க வேண்டும். பெற்றோர் கீழே காபிக்கடையில் இருக்கட்டும். ஸ்பினலோங்கா கோட்டைத் தீவும் கல் பாவிய ஏற்றம்தான். க்னோசோஸ் அரண்மனைக்குக் காலை எட்டு மணிக்கே போனால் தாங்கும், பத்துக்கு மேல் வெயிலும் கூட்டமும் தாங்காது.

நாங்கள் சுத்த சைவம். தீவில் பட்டினி கிடக்க வேண்டியதுதானா?
– வாசகி, கும்பகோணம்

இல்லவே இல்லை. கிரேக்கச் சமையலில் எண்ணெயில் வேகவைத்த காய்கறி வகைகள் ஏராளம். தக்காளிச் சாற்றில் வெந்த பெரிய வெள்ளைப் பீன்ஸ் கிகாண்டெஸ். மஞ்சள் பட்டாணிப் பருப்பைக் குழைத்து வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும் ஊற்றித் தருவது ஃபாவா. கத்தரிக்காய், சீமைச் சுரைக்காய், உருளைக்கிழங்கு சேர்த்து அடுப்பில் சுட்டது பிரியாம். கோடையில் வ்லிதா என்று ஒரு கீரை கிடைக்கும். நம் முளைக்கீரை இனம்தான். வேகவைத்து எலுமிச்சை பிழிந்து தருவார்கள்.

கிரீட்டின் அடையாளம் டாகோஸ். கல் போலக் காய்ந்த வாற்கோதுமை ரஸ்க்கை ஒரே ஒரு நொடி தண்ணீரில் காட்டி எடுத்து, துருவிய பழுத்த தக்காளியைச் சாறோடு பரப்பி, மேலே மிசித்ரா என்ற மென்மையான வெண் பாலாடைக்கட்டி, ஓரிகானோ, தாராளமாக ஆலிவ் எண்ணெய். வந்தவுடன் சாப்பிட்டால் பல் உடையும், ஐந்து நிமிடம் விட்டால் தக்காளிச் சாறு ஊறி அடி மொறுமொறுப்பாகவும் மேல்பக்கம் மெத்தென்றும் இருக்கும். பொறுத்திருந்து சாப்பிடுங்கள்.

மூன்று எச்சரிக்கை. ‘நிஸ்தீசிமோ’ என்றால் நோன்பு உணவு. இறைச்சி, பால், முட்டை இருக்காது. ஆனால் அவர்கள் நோன்பில் கணவாய், ஆக்டோபஸ், இறால் அனுமதி. அதனால் அந்தச் சொல்லை மட்டும் நம்பாமல், கடல் உணவும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள். இரண்டு, தக்காளி, குடைமிளகாயில் அரிசி அடைத்த கெமிஸ்தா சில கடைகளில் கொத்துக்கறியோடு வரும். மூன்று, கிராவியேரா போன்ற கெட்டிப் பாலாடைக்கட்டிகள் கன்று வயிற்று நொதியில் உறைய வைத்தவை. அது ஆகாதென்றால் தவிர்க்கவும்.

காரம் வேண்டுமென்றால் ‘பூகோவோ’ கேளுங்கள், மிளகாய்ச் செதில் கொண்டுவருவார்கள். இந்தியாவிலிருந்து பொடி வகைகள் எடுத்துப் போகலாம். பால்கோவா, நெய், பால் இனிப்புகள் கூடாது: ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் பால், இறைச்சிப் பொருட்களைக் கொண்டுவரத் தடை. பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் கேட்பார்கள்.

தேனிலவுக்கு ரிசார்ட் தேடுகிறோம். மாலியா விலை குறைவாகத் தெரிகிறது.
– வாசகர், ஈரோடு

மாலியா வேண்டாம். கோடையில் இளைஞர் கூட்டம் விடிய விடியக் கூத்தடிக்கும் தெரு அது, தூங்க முடியாது. அருகிலுள்ள ஹெர்சோனிசோஸ் துறைமுகப் பகுதியும் அப்படித்தான். ஆனால் அதற்கு மேலே மலைச்சரிவில் இருக்கும் கூதுலூஃபாரி, பிஸ்கோபியானோ கிராமங்கள் அமைதியானவை, கீழே கடலும் தெரியும்.

பணம் இருந்தால் எலுண்டா. தீவின் மிக உயர்தர ரிசார்ட்டுகள் அங்கேதான். அதைத் தாண்டி பிளாகா என்ற குட்டி ஊரில் சிறிய விடுதிகள் உண்டு, எதிரே ஸ்பினலோங்கா. 1579-இல் வெனிஸ்காரர் கட்டத் தொடங்கிய கோட்டை, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1957 வரை தொழுநோயாளிகளை ஒதுக்கி வைத்த இடம். பிளாகாவிலிருந்து படகில் பத்து நிமிடம்தான்.

எந்த ஓட்டலானாலும் வரைபடத்தில் நெடுஞ்சாலைக்கு எந்தப் பக்கம் என்று பாருங்கள். ‘கடற்கரைக்கு 200 மீட்டர்’ என்பதில் நான்கு வழிச்சாலை குறுக்கே இருக்கலாம். எல்லாம் உள்ளடங்கிய பேக்கேஜையும் யோசித்து எடுங்கள்: சாப்பாட்டுக்குப் பணம் கட்டியாகிவிட்டதே என்று மதியமும் இரவும் ஓட்டலுக்கே திரும்புவீர்கள், ஊரைப் பார்க்க மாட்டீர்கள். இதுபோக ஒரு தீர்வை உண்டு. 2025 முதல் ஏப்ரல்–அக்டோபரில் ரூம் ஒன்றுக்கு ஓர் இரவுக்கு ஐந்து நட்சத்திரத்தில் 15 யூரோ, நான்கில் 10, மூன்றில் 5. முன்பதிவுக் கட்டணத்தில் சேராது, ஓட்டலில் கட்ட வேண்டும்.

க்னோசோஸ் பார்த்தால் போதுமா, ஃபெஸ்டோஸும் போக வேண்டுமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

நேரமிருந்தால் இரண்டும். இரண்டுமே பழங்கால மினோவன் நாகரிகத்தின் அரண்மனை இடிபாடுகள். க்னோசோஸில் 1878-இல் முதலில் தோண்டியவர் உள்ளூர்க்காரரான மினோஸ் கலோகெரினோஸ். 1900 முதல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸ் பெரிய அளவில் தோண்டி, பல பகுதிகளைக் கான்கிரீட்டில் மீண்டும் எழுப்பினார். நீங்கள் காணும் சிவப்புத் தூண்கள் அவர் ஊகத்தின்படி அமைந்தவை. சுவரோவியங்கள் நகல்கள், அசல்கள் ஹெராக்லியன் தொல்லியல் அருங்காட்சியகத்தில். ஃபெஸ்டோஸில் அப்படி எதையும் எழுப்பவில்லை. கல் கிடந்தபடியே கிடக்கிறது, கீழே மெசரா சமவெளி விரிகிறது. 1908-இல் அங்கே கிடைத்த புகழ்பெற்ற களிமண் வட்டும் அந்த அருங்காட்சியகத்தில்தான். முதலில் அருங்காட்சியகம், மறுநாள் காலை க்னோசோஸ் என்று வைத்தால் எல்லாம் புரியும். ஃபெஸ்டோஸ் போகிற நாளில் மாலையை மாதலா கடற்கரையில் கழிக்கலாம். மலைப்பாறையில் குடைந்த பழைய கல்லறைக் குகைகளில் 1960-களில் ஹிப்பிகள் குடியிருந்தார்கள்.

சுற்றுலாக் கூட்டம் இல்லாத கிராமம் ஒன்று சொல்லுங்கள்.
– வாசகி, நாகர்கோவில்

ரெதிம்னோவிலிருந்து மார்கரிதெஸ்: மண்பாண்டக் கிராமம், பட்டறைகளில் சக்கரம் சுற்றுவதைப் பார்க்கலாம். அர்யிரூபோலி: மலையிலிருந்து பீறிடும் ஊற்றுகளைச் சுற்றி உணவகங்கள், ஆகஸ்டிலும் குளிர்ச்சி. ஹெராக்லியன் மாவட்டத்தில் அர்ஹானெஸ் திராட்சைக்கும் ஒயினுக்கும் பெயர்பெற்றது. அயியோஸ் நிக்கோலாஸுக்கு மேலே கிரிட்சா, அதன் அருகே பனாயியா கேரா தேவாலயத்தின் பழைய சுவரோவியங்கள்.

எங்கள் தேர்வு கடைக்கோடி கிழக்கில் கடோ சாக்ரோஸ். நாலைந்து உணவகம், ஒரு கூழாங்கல் கடற்கரை, அதன் பின்னால் தொல்லியலாளர் நிகோலாஸ் பிளாடோன் 1961 முதல் தோண்டி எடுத்த மினோவன் அரண்மனை. மேல் சாக்ரோஸிலிருந்து ‘இறந்தவர்களின் பள்ளத்தாக்கு’ வழியாக நடந்தே இறங்கலாம். பழங்காலத்தில் குகைகளில் பிணம் புதைத்ததால் அந்தப் பெயர். காரில் சாக்ரோஸுக்குப் போகும் வழியில் சற்று விலகினால் ‘வாய்’ என்ற இடத்தில் ஈச்சங்காடு. கிரீட் ஈச்சை என்ற இனம் அங்கே கடல் வரை வளர்ந்திருக்கிறது. கிராமங்களில் மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை ஊர் தூங்கும். கதவைத் தட்டுவதோ சத்தமாகப் பேசுவதோ கூடாது.

கிரீட்டிலிருந்து ஒரே நாளில் சாண்டோரினி?
– வாசகர், சேலம்

கோடையில் ஹெராக்லியனிலிருந்து வேகப் படகில் இரண்டு மணி நேரம். காற்று அடித்தால் ரத்து, ரத்தாகாவிட்டால் குமட்டல். கையில் ஒரு வாரம்கூட இல்லையென்றால் அந்த நாளையும் கிரீட்டுக்கே கொடுங்கள்.

டிசம்பர் விடுமுறையில் போகலாமா?
– வாசகி, பெங்களூரு

கடற்கரைக்கென்றால் வேண்டாம். நவம்பர் முதல் மார்ச் வரை கடலோர ரிசார்ட்டுகள் பெரும்பாலும் மூடியிருக்கும், தென்கரைப் படகுகளும் குறையும். ஹனியா, ஹெராக்லியன் நகரங்கள் வழக்கம்போல் இயங்கும், மலையில் பனி. செப்டம்பர் கடைசியும் அக்டோபர் முதல் பாதியும்தான் எங்கள் பரிந்துரை. கடல் இன்னும் 23, 24 டிகிரி இருக்கும், காற்று அடங்கிவிடும். மே மாதத்தில் மலையெங்கும் பூ, ஆனால் கடல் 20 டிகிரிதான், சில்லிடும்.

ரெதிம்னோ கடற்கரையில் மணலில் கம்பிக் கூண்டுகள் வைத்திருப்பதைப் படத்தில் பார்த்தேன். அவை எதற்கு?
– வாசகர், பாரிஸ்

பெருந்தலைக் கடலாமைகள் முட்டையிட்ட குழிகள் அவை. ரெதிம்னோ, ஹனியா, மெசரா விரிகுடாக்களில் அவை முட்டையிடுகின்றன. கடலாமைப் பாதுகாப்பு அமைப்பான ஆர்கெலோனின் தன்னார்வலர்கள் அதிகாலையில் தடம் பார்த்துக் கண்டுபிடித்துக் கூண்டு வைக்கிறார்கள். கூண்டுக்கு அருகே குடைக்கம்பை ஊன்றாதீர்கள், முட்டையைத் துளைத்துவிடும். ஜூலைக் கடைசியிலிருந்து குஞ்சுகள் இரவில் வெளிவந்து, வெளிச்சமாகத் தெரியும் பக்கம் நகரும். கடல்தான் வெளிச்சமாக இருக்க வேண்டும். செல்போன் டார்ச் அடித்தால் திசைமாறிச் சாலைக்குப் போய்விடும். குழந்தைகள் தோண்டும் மணல் குழிகளை மாலையில் மூடிவிட்டு எழுங்கள். படுக்கை நாற்காலிகளை இரவில் அடுக்கி வைக்கச் சொல்வதும் தாய் ஆமை ஏறி வரத் தடையில்லாமல் இருக்கத்தான்.